அழுத்திய பிறகு யார் கையில்?

2025 மார்ச் 12. யாரோ ஒருவர் தன் வாலட்டிலிருந்து 2,20,764 டாலர் மதிப்புள்ள யு.எஸ்.டி.சி. நாணயத்தைக் கொடுத்து யு.எஸ்.டி.டி. வாங்க உத்தரவு போடுகிறார். இரண்டுமே ஒன்றுக்கு ஒரு டாலர் என்று மதிப்புக் கட்டி வைக்கப்பட்ட நாணயங்கள். நூறு ரூபாய்த் தாளை நீட்டி இரண்டு ஐம்பது ரூபாய்த் தாள் கேட்பது போன்ற காரியம்தான். கட்டணமாகக் கொஞ்சம் போகும், அவ்வளவே. ஆனால் சில விநாடிகள் கழித்து அவர் வாலட்டுக்கு வந்து சேர்ந்தது 5,271 டாலர். மீதி இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் டாலர் நடுவழியிலேயே போய்விட்டது.

அவருடைய சாவி களவு போகவில்லை. பரிமாற்றம் நடந்த யுனிஸ்வாப் சந்தையின் நிரலில் ஓட்டை எதுவும் இல்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது. அந்த உத்தரவு நிறைவேறுவதற்கு முன்பே ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல், அதைப் படித்துவிட்டது. அவருடைய முறை வருவதற்குச் சற்று முன்னால் விலையைத் தாறுமாறாகச் சாய்த்தது. அவர் அந்த மோசமான விலையில் வாங்கி முடித்ததும் பழையபடி நிமிர்த்தியது. எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் சரி என்ற நிலையில் அவருடைய உத்தரவு அமைந்திருந்ததால் சந்தை அதை மறுக்கவில்லை. பறித்த பணத்தில் ஏறக்குறைய 2,00,000 டாலரை, வரிசையில் தனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவருக்கே அந்த பாட் கொடுத்தது. தனக்கென்று வைத்துக்கொண்டது சுமார் 8,000 டாலர்.

இந்தக் கடைசிக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். கொள்ளையில் பெரும் பங்கு கொள்ளையடித்தவனுக்குப் போகவில்லை. வரிசையை அமைப்பவருக்குப் போயிருக்கிறது. கிரிப்டோ வாலட் வைத்திருப்பவர்கள் எந்த நாணயம் வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று நாள் முழுக்கப் பேசுகிறார்கள். போட்ட உத்தரவு எந்த வழியாகப் போகிறது, வழியில் அதை யார் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பன்னிரண்டு விநாடிக்குள்

வாலட் என்ற பெயர் மனத்தில் ஒரு தவறான படத்தைப் பதித்துவிடுகிறது. அதற்குள் பணம் கிடையாது. ஒரு ரகசியச் சாவி மட்டுமே இருக்கிறது. ‘உறுதிசெய்’ என்று நாம் அழுத்தும்போது வாலட் அந்தச் சாவியைக் கொண்டு ஓர் உத்தரவில் கையெழுத்திடுகிறது. கையெழுத்திட்ட உத்தரவை எத்தீரியம் வலைப்பின்னலில் உள்ள ஏதாவது ஒரு கணினியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கணினியை நோடு என்கிறார்கள். வாலட் அதோடு பேசும் வாசலுக்கு ஆர்.பி.சி. என்று பெயர். மெட்டாமாஸ்க் வாலட் வைத்திருப்பவருக்கு, அவராக மாற்றாத வரை, அந்த வாசல் இன்ஃபுரா. வாலட், வாசல் இரண்டும் கன்சென்சிஸ் என்ற ஒரே நிறுவனத்துடையவை.

பொதுவழியில் போகும் உத்தரவை முதல் நோடு தன் அண்டை நோடுகளுக்குச் சொல்லும். அவை தங்கள் அண்டைக்குச் சொல்லும். கண்மூடித் திறப்பதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிடும். இப்படி நிறைவேறாமல் காத்திருக்கும் உத்தரவுகளின் கூடம்தான் மெம்பூல். 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் என்ற கணக்கில் ஏடு எழுதப்படுகிறது. கூடத்தில் உள்ள உத்தரவுகளில் எவை அடுத்த பிளாக்கில் ஏறும், எந்த வரிசையில் ஏறும் என்பதை, பிளாக்கைக் கோத்துத் தரும் கட்டுநர்கள் முடிவுசெய்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற நியாயம் அங்கே இல்லை. கூடுதலாகக் கொடுப்பவருக்கு முன்வரிசை.

நம் ஊரில் நிலம் வாங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாளைக்கு இந்த மனையை வாங்கப்போகிறேன், இத்தனை லட்சம் வரை கொடுப்பேன் என்று டீக்கடையில் வாய்விட்டுச் சொன்னால் போதும். பக்கத்து பெஞ்சில் இருந்த தரகர் இரவோடு இரவாக உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்து, மறுநாள் அதே மனையை நீங்கள் சொன்ன உச்ச விலைக்கே உங்களிடம் தள்ளிவிடுவார். மெம்பூல் அந்த டீக்கடை. ஸ்லிப்பேஜ் என்று வாலட்டில் நீங்கள் போடும் சதவீதம்தான் நீங்கள் வாய்விட்டுச் சொன்ன உச்ச விலை.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பரிமாற்றக் குளத்தில் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் 100-ம் 2,00,000 டாலரும் இருக்கின்றன. இரண்டின் பெருக்குத்தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பது இத்தகைய குளங்களின் விதி. நீங்கள் 10,000 டாலர் போட்டால் 4.762 ஈத்தர் கிடைக்க வேண்டும். ஸ்லிப்பேஜ் 5 சதவீதம் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பாட் 5,000 டாலரைப் போட்டு 2.439 ஈத்தரை எடுத்துக்கொள்கிறது. அதன் பின் உங்கள் 10,000 டாலருக்குக் கிடைப்பது 4.538 ஈத்தர். நீங்கள் சொன்ன 5 சதவீதத்துக்குள்தான் குறைவு இருக்கிறது. ஆகவே உத்தரவு நிறைவேறிவிடும். உங்களால் விலை ஏறிவிட்டது. பாட் தன் 2.439 ஈத்தரைத் திருப்பி விற்று 5,493 டாலர் பெறுகிறது. கட்டணங்களை விட்டுவிட்டால் ஒரே பிளாக்கில் 493 டாலர் ஆதாயம். உங்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நடுவில் வைத்து அழுத்துவதால் இதற்கு சாண்ட்விச் தாக்குதல் என்று பெயர்.

வெறும் டாலர் அனுப்புவதில் இந்த ஆபத்து கிடையாது. அக்காவின் வாலட்டுக்கு நீங்கள் 100 டாலர் அனுப்பினால் யார் பார்த்தாலும் அதில் பிடுங்க ஒன்றும் இல்லை. விலை பேசப்படும் இடத்தில்தான் சாண்ட்விச் வைக்க முடியும். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இருண்ட காட்டில் ஒரு மீட்பு

வரிசையை விற்று வரும் இந்த வருமானத்துக்கு எம்.இ.வி. என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். ஃபிலிப் டயான் உள்ளிட்டோர் 2019-ல் வெளியிட்ட ‘ஃபிளாஷ் பாய்ஸ் 2.0’ என்ற ஆய்வுக்கட்டுரைதான் இதைக் கணக்கெடுத்துக் காட்டியது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் மின்னல்வேக வர்த்தகர்கள் மற்றவர்களின் உத்தரவை முந்துவதைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2014-ல் எழுதிய நூலின் பெயரைத் தழுவிய தலைப்பு அது.

அடுத்த ஆண்டு, 2020 ஆகஸ்டில், டான் ராபின்சன், ஜார்ஜியோஸ் கான்ஸ்டான்டோபுலோஸ் இருவரும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினார்கள். ஒருவர் தவறுதலாக ஓர் ஒப்பந்தத்தின், அதாவது எத்தீரியத்தில் தானாக இயங்கும் நிரலின், முகவரிக்கே அனுப்பிவிட்ட சுமார் 12,000 டாலர் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கும் வழி எவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். அதை மீட்டுத் தர இவர்கள் போட்ட உத்தரவு மெம்பூலுக்குள் வந்ததும் ஒரு பாட் அதை அப்படியே நகலெடுத்து, பெறுநர் முகவரியை மட்டும் தன்னுடையதாக மாற்றி, முந்திக்கொண்டது. சீன எழுத்தாளர் லியு சிஷினின் அறிவியல் நாவலை நினைவில் வைத்து, எத்தீரியம் ஓர் ‘இருண்ட காடு’ என்று அவர்கள் பெயரிட்டார்கள். அசைந்தால் வேட்டைக்காரன் பார்த்துவிடுவான்.

அந்தக் கட்டுரை வந்து சில வாரங்களிலேயே காட்டுக்குள் மாற்றுப்பாதை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. சாம்சிசன் என்ற புனைபெயரில் இயங்கும் பாதுகாப்பு ஆய்வாளர் 2020 செப்டம்பரில் ஓர் இரவு, லியன் ஃபைனான்ஸ் என்ற திட்டத்தின் ஒப்பந்தத்தில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டார். உள்ளே இருந்தது 25,000 ஈத்தருக்கும் மேல். அன்றைய மதிப்பில் 96 லட்சம் டாலர். ஓட்டையைப் பயன்படுத்தித்தான் பணத்தை வெளியே எடுத்துக் காப்பாற்ற முடியும். ஆனால் மீட்பு உத்தரவு மெம்பூலில் தெரிந்த கணமே பாட்கள் அதை நகலெடுத்துப் பணத்தை அள்ளிவிடும். காப்பாற்றப் போகும் முயற்சியே திருடனுக்கு வழி சொல்லிக் கொடுத்துவிடும்.

இரவு முழுக்கப் பலரும் சேர்ந்து யோசித்துக் கண்ட தீர்வு எளிமையானது: மெம்பூலுக்கே போகாமல் இருப்பது. அன்றைக்குப் பிளாக்குகளை எழுதியவர்கள் சுரங்கக் குழுக்கள். ஸ்பார்க்பூல் என்ற சீனக் குழுவைத் தொடர்புகொண்டார்கள். கையெழுத்திட்ட உத்தரவுகளை நேராக அவர்களிடமே கொடுத்தார்கள். ஸ்பார்க்பூல் அவற்றை யாருக்கும் காட்டாமல், தான் எழுதிய பிளாக்கில் சேர்த்தது. வெளியுலகம் அந்த உத்தரவைப் பார்த்தபோது அது முடிந்த காரியம். பணம் உரியவர்களிடம் திரும்பியது.

இன்று வாலட்டுக்குள் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய தனிவழி என்பது, அன்று நம்பிக்கையை மட்டுமே முதலாக வைத்துத் திறந்த அந்தக் கதவின் நிரந்தர வடிவம்தான். டயானும் கூட்டாளிகளும் தொடங்கிய ஃபிளாஷ்பாட்ஸ் அமைப்பு 2021-ல் ‘ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட்’ என்ற ஆர்.பி.சி. வாசலைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2023-ல் ‘எம்.இ.வி. பிளாக்கர்’ வந்தது. வாலட்டின் நெட்வொர்க் அமைப்பில் வாசல் முகவரியை மாற்றினால் போதும். உத்தரவு பொதுக்கூடத்துக்குப் போகாமல் நேராகக் கட்டுநர்களிடம் போய்விடும். கூடத்தில் பார்த்து உங்களுக்கு முன்னால் புகுவதற்கு யாருக்கும் வாய்ப்புக் கிடையாது. உங்களுக்குப் பின்னால் ஓடி ஆதாயம் பார்க்க விரும்புகிறவர்கள் ஏலம் கேட்கலாம். ஏலத்தொகையில் 90 சதவீதம் உங்களுக்கே திருப்பித் தரப்படும் என்று எம்.இ.வி. பிளாக்கர் அறிவித்தது. நிறைவேறாமல் தோற்கும் உத்தரவை ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் பிளாக்கில் ஏற்றுவதே இல்லை. ஆகவே தோல்விக்கு காஸ் எனப்படும் வலைப்பின்னல் கட்டணமும் கிடையாது. பொதுவழியில் தோற்றாலும் கட்டணம் கட்டியே ஆக வேண்டும்.

தனிவழியின் விலை

இவ்வளவு நல்ல வழி இருக்க எல்லாரும் அதிலேயே போகலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு 2023 ஏப்ரல் 3 அன்று நடந்ததைப் படித்தேன்.

கட்டுநர்களுக்கும், பிளாக்கை இறுதியில் முன்மொழிபவருக்கும் நடுவே ரிலே என்ற ஒரு நம்பிக்கைத் தரகர் உண்டு. முன்மொழிபவர் கையெழுத்திடும் வரை பிளாக்கின் உள்ளடக்கத்தை அவருக்குக் காட்டாமல் வைத்திருப்பதே ரிலேயின் வேலை. அன்று முன்மொழியும் முறை வந்த ஒருவர் செல்லாத கையெழுத்தைக் கொடுத்து, ரிலேயில் இருந்த பிழையைப் பயன்படுத்தி உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டார். உள்ளே சாண்ட்விச் பாட்களின் உத்தரவுகள் இருந்தன. வரிசையைக் கலைத்து மாற்றி எழுதியதில் அந்த பாட்கள் சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலரை இழந்தன. எம்.ஐ.டி.யில் படித்த இரு சகோதரர்கள்மீது அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதம் குற்றஞ்சாட்டியது. ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாததால் 2025 நவம்பரில் அந்த விசாரணை தீர்ப்பின்றி நின்றது. இழந்தவர்கள் யார் என்பதைவிட என்னை உறுத்தியது வேறு: மூடிய கதவு எத்தனை பேருடைய நல்லெண்ணத்தையும் நிரலின் நேர்த்தியையும் நம்பி மூடியிருக்கிறது என்பது.

தனிவழி கண்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. முழுவதும் அகற்றுவதில்லை. வாசல் நடத்துபவர் பார்க்கிறார்; கட்டுநர் பார்க்கிறார். 2024 முடிவில் எத்தீரியம் பிளாக்குகளில் மிகப் பெரும்பான்மையை பீவர்பில்ட், டைட்டன் என்ற இரண்டே கட்டுநர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பலத்துக்குப் பெரிய காரணம், பொதுக்கூடத்தில் கிடைக்காத தனி உத்தரவுகள் அவர்களிடம் வந்து குவிந்ததுதான். நாம் நம் பாதுகாப்புக்காகத் தனிவழியைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும், யாருடைய கையிலும் சிக்காது என்ற வாக்குறுதியோடு பிறந்த ஒரு வலைப்பின்னலை இன்னும் சிலருடைய கைக்குள் தள்ளுகிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உத்தரவுகள் ஓரிடத்தில் குவிந்தால் அவற்றுக்கு விலை வரும். அமெரிக்காவின் ராபின்ஹுட் செயலி கட்டணமில்லாப் பங்கு வர்த்தகம் என்று சொல்லி, வாடிக்கையாளர் உத்தரவுகளைப் பெரிய வர்த்தக நிறுவனங்களுக்கு அனுப்பிப் பணம் பெற்றது. அதை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க 2020 டிசம்பரில் 6 கோடியே 50 லட்சம் டாலர் கட்டியது. வாலட் நிறுவனங்கள் நமக்காக ஒரு வழியை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும்போது, அதற்காக அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வாசற்காவலர்

சாண்ட்விச் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு பக்கம் மறைந்துபோகும். ஆர்.பி.சி. வாசல் உங்கள் உத்தரவோடு உங்கள் ஐ.பி. முகவரியையும் பார்க்கிறது. வாலட் முகவரியும் ஐ.பி. முகவரியும் ஒன்றாகக் கிடைத்தால், இன்ன வீட்டில் இருப்பவரிடம் இவ்வளவு பணம் இருக்கிறது என்று ஊகிக்கும் வழி பிறந்துவிடும். 2022 நவம்பரில் கன்சென்சிஸ் தன் தனியுரிமைக் கொள்கையில் இந்த இரண்டும் சேகரிக்கப்படுவதை வெளிப்படையாக எழுதியபோது பயனாளர்கள் கொதித்துப்போனார்கள். அதுவரை அவர்களில் பலருக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது.

வாசல் அடைபடவும் கூடும். 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபுரா பழைய மென்பொருள் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்ததால் தடுமாறி நின்றது. எத்தீரியம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மெட்டாமாஸ்க் வைத்திருந்தவர்களுக்கு அது நின்றுபோனதாகவே தெரிந்தது. பைனான்ஸ் போன்ற பெரிய பரிவர்த்தனை மையங்களே ஈத்தர் எடுப்பதை நிறுத்திவைத்தன. 2022 மார்ச்சில், பொருளாதாரத் தடைகளுக்கு ஏற்பச் செய்த ஓர் அமைப்பு மாற்றம் தவறுதலாக அகலமாகிப்போய், வெனிசுலாவில் இருந்தவர்களுக்கு வாசல் மூடிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை டொர்னேடோ கேஷ் என்ற நிரலைத் தடைப் பட்டியலில் சேர்த்ததும் இன்ஃபுரா, அல்கெமி என்ற இரு பெரும் வாசல்களும் அதற்கான கோரிக்கைகளை மறுத்தன. அந்த ஆண்டு இறுதியில் ஒரு கட்டத்தில், புதிய பிளாக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் அந்தத் தடையைப் பின்பற்றும் ரிலேக்கள் வழியாகவே வந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லாது என்று சொன்னது 2024 நவம்பரில். பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது 2025 மார்ச்சில். அதுவரை பொதுவழி என்று ஒன்று திறந்திருந்ததால்தான், மறுக்கப்பட்ட உத்தரவு கொஞ்சம் தாமதமானாலும் ஏதோ ஒரு பிளாக்கில் ஏற முடிந்தது. டீக்கடையைப் பற்றி முன்பு கடுமையாகச் சொன்னேன். அது திறந்திருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது.

சொந்த நோடு வைத்துக்கொள்வது இந்தக் கவலைகளுக்கெல்லாம் பழைய மருந்து. 2 டெராபைட் எஸ்.எஸ்.டி., நல்ல இணைய இணைப்பு, பராமரிக்கப் பொறுமை இருந்தால் போதும். பெரும்பாலானவர்களுக்கு அது முடியாது. 2022-ல் வந்த ஹீலியோஸ் போன்ற இலகு மென்பொருள்கள், வாசல் சொல்லும் தகவல் உண்மைதானா என்று உங்கள் கணினியிலேயே சரிபார்க்கும். ஆனால் உத்தரவை அனுப்ப அப்போதும் ஒரு வாசல் வேண்டும்.

ஏலத்தில் விடுவது

விலை பேசும் பரிமாற்றங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கௌ ஸ்வாப் என்ற களத்தில் நீங்கள் உத்தரவை அனுப்புவதே இல்லை. “என்னிடம் இவ்வளவு யு.எஸ்.டி.சி. இருக்கிறது, குறைந்தது இத்தனை ஈத்தர் வேண்டும்” என்று ஒரு விருப்பத்தில் கையெழுத்திடுகிறீர்கள். அதை நிறைவேற்றித் தரப் பலர் போட்டியிடுகிறார்கள். ஒரே நேரத்தில் வந்த விருப்பங்களைச் சேர்த்துத் தொகுதியாக ஏலம் விட்டு, ஒரு பொருளுக்கு எல்லாருக்கும் ஒரே விலை என்று முடிக்கிறார்கள். ஒரே விலை என்னும்போது வரிசையில் முன்னால் நிற்பதற்கு மதிப்பு இல்லாமல் போகிறது. கொள்ளைக்கு அடிப்படையாக இருந்ததே வரிசைதான். ஒன்இஞ்ச் ஃபியூஷன் 2022-லும் யுனிஸ்வாப் எக்ஸ் 2023-லும் இதே திசையில், ஏல முறையில் கொஞ்சம் மாறுபட்டு வந்தன. காஸ் கட்டணத்தை நிறைவேற்றுபவரே முதலில் கட்டிவிடுகிறார். அது உங்கள் விலையில் கழிந்துவிடும். சிறிய தொகைக்கும், யாரும் கேள்விப்படாத நாணயத்துக்கும் போட்டி மெலிந்துபோய் விலை சுமாராக வரலாம்.

எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் வரிசையை ஒரே நிறுவனத்தின் கணினி அமைக்கிறது. எல்லாரும் எட்டிப்பார்க்கும் மெம்பூல் இல்லை. நம்பிக்கை முழுவதும் அந்த ஒருவர்மீது. சொலானா என்ற தனிச் சங்கிலியிலும் எத்தீரியம் போன்ற பொதுக்கூடம் கிடையாது. ஜிட்டோ என்ற நிறுவனம் அப்படி ஒன்றை அமைத்தது, சாண்ட்விச் பெருகியதும் 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டது. தாக்குதல் அதனால் ஓய்ந்துவிடவில்லை.

என்னைக் கேட்டால், ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதைப் பொதுவழியிலேயே அனுப்புவேன். பொதுவழி உயிரோடு இருக்க அதில் போக்குவரத்து இருக்க வேண்டும். பெரிய தொகையை மாற்றும்போது ஏலக் களத்தைத் திறப்பேன். ஏலத்தில் ஆள் வராத நாணயம் என்றால் தனிவழி. அப்போதும் ஸ்லிப்பேஜை அரை சதவீதத்துக்கு இறக்கிவிட்டுத்தான். மேலே போட்ட கணக்கில் 5-க்குப் பதில் 1 சதவீதம் வைத்திருந்தால் அந்த 5,000 டாலர் சாண்ட்விச்சே நடந்திருக்காது. பாட் முயன்றிருந்தாலும் உங்கள் உத்தரவு மறுக்கப்பட்டு, கட்டணத்தோடு போயிருக்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒரு நாணயத்தில் பட்ட நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பாட் பறித்தது பறித்ததுதான்.

மெட்டாமாஸ்க் 2024-ல் தனிவழியில் அனுப்பும் வசதியை வாலட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனால் இதை எழுதுவதற்காக என் போனில் உள்ள ஒரு வாலட்டில் உத்தரவு எந்த வாசல் வழியாகப் போகிறது என்று தேடினேன். நான்கு திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. தொகை, பெறுநர், காஸ் கட்டணம் எல்லாம் ‘உறுதிசெய்’ பொத்தானுக்கு மேலேயே தெரிகின்றன. வழி மட்டும் தெரிவதில்லை. “பொதுவழி: எல்லாரும் பார்க்கலாம்” அல்லது “தனிவழி: இன்னார் பார்ப்பார்” என்று ஒரே ஒரு வரி அங்கே வேண்டும். மூன்று சொல் எழுத இடம் இல்லை என்று எந்த வாலட் நிறுவனமும் சொல்ல முடியாது.

அந்த வரி வரும் வரை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாசலை மாற்றிய பிறகு ஐந்து டாலருக்கு ஒரு சிறு பரிமாற்றம் செய்யுங்கள். வாலட் காட்டும் பரிமாற்ற எண்ணை உடனே எத்தர்ஸ்கேன் தளத்தில் இட்டுத் தேடுங்கள். ‘நிலுவை’ என்று அங்கே தெரிந்தால் உத்தரவு பொதுவழியில் நிற்கிறது. உங்களைப் போலவே பாட்களும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்படி எதுவும் இல்லை என்று தளம் கையை விரித்து, பன்னிரண்டு விநாடியோ இருபத்துநான்கு விநாடியோ கழித்து முடிந்த கணக்காகவே திரையில் வந்து நின்றால், வழி மாறியிருக்கிறது.